‘நான் எண்ணும் பொழுது’ ராஜா பாட்டு இல்லையா? சலில் சௌத்ரி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரன் கேட்டது:

வணக்கம். போன வாரம் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ராத்திரி பஸ்ஸில் வந்தேன். டிரைவர் நல்ல ரசனைக்காரர், சத்தத்தைக் குறைவாக வைத்து எழுபதுகள், எண்பதுகளின் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். கோவில்பட்டி தாண்டி உள்ளே விளக்கையெல்லாம் அணைத்த பிறகு எஸ்.பி.பி. பாடிய ‘நான் எண்ணும் பொழுது’ வந்தது, ‘அழியாத கோலங்கள்’ படப் பாட்டு. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். அந்த முதல் ‘நான்’ காதில் விழுந்ததுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான், ஆனால் இருட்டில், ஜன்னல் காற்றில், கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

இத்தனை வருஷமாக இதை இளையராஜா பாட்டு என்றே நினைத்திருந்தேன். பாலு மகேந்திரா படம், 1979, எழுதியது கங்கை அமரன், அப்படியிருக்க வேறு யார் இசையாக இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர்தான் “இது சலில் சௌத்ரி, தம்பி. ஆனந்த்னு ஒரு இந்திப் படம் இருக்கு, அதுல இதே மெட்டு வரும், கேட்டுப் பாருங்க” என்றார். அவர் விருதுநகரில் இறங்கிவிட்டார், அதற்கு மேல் பேச முடியவில்லை.

மறுநாள் ‘ஆனந்த்’ பார்த்தேன். ‘ந ஜியா லாகே நா’ வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே மெட்டு, லதா மங்கேஷ்கர் குரல். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் படத்தில் இருக்கிற நாலு பாட்டும் நாலு நாளாக என்னை விடவில்லை. ‘கஹீ தூர் ஜப் தின் டல் ஜாயே’ பாட்டை அலுவலகத்தில் ஃபைல் பார்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தி எனக்கு அரைகுறைதான்.

என் கேள்விகள் இவைதான். எந்த மொழிப் பாட்டு முதலில் வந்தது? அப்புறம், இவருடைய மெட்டு கேட்கும்போது எளிமையாக இருக்கிறது, நாமே பாடிவிடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் வீட்டில் வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே வழி தவறிவிடுகிறது. மற்ற பாட்டுகள் எனக்கு இப்படி ஆவதில்லை, கோயில் பஜனையில் இருபது வருஷமாகப் பாடுகிறவன் நான். இதில் மட்டும் ஏன்? இவருடைய பாட்டுகளில் அடுத்து எதைக் கேட்கலாம்?


ஆறுதந்தி எழுதியது:

பெரியவர் சொன்னது சரி. முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ், இந்தி இரண்டுக்கும் முன்னால் இந்த மெட்டு வங்காளத்தில் பிறந்துவிட்டது, ‘நா மோனோ லாகே நா’ என்று லதாவே பாடியிருக்கிறார். வங்காளத்தில் அந்தக் காலத்தில் துர்கா பூஜை சமயத்தில் ஆண்டுதோறும் புதுப் பாட்டு ரெக்கார்டுகள் வெளியாகும், படத்துக்காக இல்லை, தனிப்பாட்டுகள். தீபாவளிக்குப் புதுப்படம் வருமா என்று நாம் காத்திருப்போமே, அந்த மாதிரி அங்கே பூஜைப் பாட்டுக்குக் காத்திருப்பார்கள். சலில்தாவின் (‘தா’ என்றால் வங்காளத்தில் அண்ணன்) நல்ல மெட்டுகள் பலவற்றுக்கு முதல் வீடு வங்காளம்தான். உங்களை விடாமல் பிடித்திருக்கும் ‘கஹீ தூர்’ பாட்டும் ஹேமந்த் குமார் வங்காளத்தில் பாடிய ஒரு பாட்டின் மெட்டுதான். பிறகு 1971இல் ‘ஆனந்த்’, 1979இல் நம்ம ‘அழியாத கோலங்கள்’.

ராஜா பாட்டு என்று நினைத்ததில் தப்பே இல்லை. நான் மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் இருபது வருஷத்துக்கு மேல் கிட்டார் வாசித்தவன், கூட வாசிக்கிறவர்களே பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. ராஜா சார் படங்களுக்கு இசையமைக்க வருவதற்கு முன்னால் சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்திருக்கிறார். குரலுக்குப் பின்னால் வயலின்கள் ஒரு பேச்சு பேச, பேஸ் கிட்டார் கீழே வேறொரு பேச்சு பேச, இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பாட்டோடு சேர்ந்து நடக்கும் வித்தையை நாம் ராஜாவிடம் கேட்டு வளர்ந்தோம். சலிலிடம் அதே மாதிரி ஒன்றைக் கேட்டதும் காது தானாக ராஜா பெயரைச் சொல்லிவிடுகிறது. ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகரும் சலிலின் மலையாளப் படங்களில் அவருக்கு உதவியாக வேலை செய்தவர். சென்னையில் நடந்த அந்த ரெக்கார்டிங்குகளை நினைத்துப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது நீங்கள் பாடும்போது வழி தவறுகிற விஷயம். நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் அப்பா ‘நான் எண்ணும் பொழுது’ கேட்டார். எங்கள் பாடகர் நல்ல கையிருப்பு உள்ளவர், ஐநூறு பாட்டு மனப்பாடம். கீபோர்டில் அன்று புதுப் பையன், அவன் மெட்டையும் அடியில் கார்டையும் மட்டும் வாசித்தான். பல்லவி ஓடிவிட்டது. சரணத்துக்கு வந்ததும் பாடகர் நிற்கிறார், என்னைப் பார்க்கிறார், அவருக்கு எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. தாளம் தெரியும், வரி தெரியும், சுருதியும் காதில் இருக்கிறது, ஆனாலும் நுழைய முடியவில்லை. சட்டென்று புரிந்தது, அவர் காத்திருந்தது வரிக்கு முன்னால் வரும் அந்தச் சின்னத் துண்டு வாத்திய இசைக்காக. நான் அதைக் கிட்டாரில் மேல் தந்தியில் வாசித்துக் காட்டியதும் மனிதர் தண்ணீரில் மீன் மாதிரி உள்ளே போய்விட்டார்.

அதாவது மற்ற பல பாட்டுகளில் வாத்தியம் குரலுக்குத் துணை. எடுத்துவிட்டாலும் பாட்டு தனியாக நிற்கும், நீங்கள் பஜனையில் ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடுகிறீர்களே அப்படி. சலிலிடம் மெட்டின் பாதி குரலில் இருக்கிறது, மீதி பாதி குழலிலும் வயலினிலும் இருக்கிறது. குரல் ஒரு படியில் நிற்கும், அடுத்த வரி அங்கிருந்து கிளம்பாது, இன்னொரு படியிலிருந்து கிளம்பும், நடுவில் உள்ள படிகளை வாத்தியம் ஏறி முடித்திருக்கும். அந்தப் பாலம் காதில் இருந்தால் பாட சுகமாக இருக்கும், இல்லாவிட்டால் குதிக்க வேண்டியிருக்கும். நீங்கள் வீட்டில் வெறுமனே பாடும்போது பாலம் இல்லாமல் குதிக்கிறீர்கள். உங்கள் குரலில் குறை எதுவும் இல்லை.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், அசாம் தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே டாக்டர், வீட்டில் மேற்கத்திய சாஸ்திரீய இசைத்தட்டுகள் குவிந்து கிடந்தன, மொசார்ட், பீத்தோவன் எல்லாம். வெளியே வந்தால் தோட்டத் தொழிலாளர்களின் பாட்டு. இரண்டும் ஒரே பையன் காதில் ஒரே வயதில் விழுந்திருக்கிறது. பிறகு வாலிபத்தில் இப்டா என்ற மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்து விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ஊர் ஊராகக் கோரஸாகப் பாடினார்கள். கூட்டமாகப் பாடுகிற சத்தம் கடைசி வரை அவரிடம் இருந்தது. ‘ஆனந்த்’ படத்து ‘ஜிந்தகி கைசி ஹை பஹேலி’யில் மன்னா தேக்குப் பின்னால் கோரஸ் குரல்கள் அடுக்கடுக்காக வருவதைக் கவனியுங்கள், அங்கே தெரியும். 1958இல் பம்பாயில் இதற்கென்றே ஒரு இளைஞர் கோரஸ் குழுவை ஆரம்பித்தவர் அவர்.

ஒரு வேலை செய்யுங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு ‘கஹீ தூர்’ பாட்டைக் கேளுங்கள், ஆனால் முகேஷ் குரலைக் கவனிக்கவே கவனிக்காதீர்கள். அவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் வந்து எழுதுங்கள்.


நாஞ்சில் கரை எழுதியது:

இந்தியும் தமிழும் பேசியாயிற்று, மலையாளத்தைச் சொல்ல எங்கள் ஊர்க்காரன் வேண்டுமே. நான் குளச்சல் பக்கம். எங்கள் வீட்டு ரேடியோவில் முள் திருவனந்தபுரத்திலேயே நின்றிருக்கும், திருநெல்வேலி பிடிப்பது அப்பா வெளியூர் போன நாளில்தான். சலில் சௌத்ரி வங்காளி என்பதே எனக்குக் காலேஜ் படிக்கும்போதுதான் தெரிந்தது. அதுவரை அவர் எங்களுக்கு மலையாளத்து இசையமைப்பாளர்.

1965இல் ‘செம்மீன்’. ராமு காரியாட் எடுத்த படம், தகழியின் நாவல், பாட்டு வயலார். தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு முதன்முதலாக ஜனாதிபதி தங்கப் பதக்கம் கிடைத்தது அதற்குத்தான். அதில் ‘கடலினக்கரெ போணோரே’ என்று யேசுதாஸ் பாடுவார். எங்கள் தெருவில் இதைப் பாடாத ஆண் கிடையாது. வலை இழுத்துவிட்டு வந்து கரையில் உட்கார்ந்து, உப்புக் காய்ந்த கையோடு, சுருதி சேராமல், ஆனால் உயிரோடு பாடுவார்கள். என் பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பாட்டின் ஹம்மிங்கை மட்டும் அவர் அச்சு அசலாக எடுப்பார். அசாம் மலைத்தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு அரபிக்கடல் கரைக்காரன் மனசு எப்படி இவ்வளவு சரியாகப் பிடிபட்டது என்று நான் இன்னும் ஆச்சரியப்படுகிறேன்.

அதே படத்தில் ‘மானச மைனே வரூ’. பாடியவர் மன்னா தே. அவர் மலையாள உச்சரிப்பைப் பற்றி அந்தக் காலத்தில் குறை சொன்னவர்கள் உண்டு, எனக்கும் அது காதில் படும். ஆனால் இரவில் கடற்கரையில் கதாநாயகன் பரீக்குட்டி தனியாகத் திரிகிற அந்த இடத்தில் அந்தக் குரல் மேலே போய்ப் போய்த் தேடுகிறதே, அந்தத் தேடலுக்கு உள்ளூர் உச்சரிப்பு தேவைப்படவில்லை. பரீக்குட்டியாக நடித்த மதுவின் முகமும் அந்தக் குரலும் சேர்ந்தே என் நினைவில் இருக்கின்றன, பிரிக்க முடியவில்லை.

தாமிரபரணிக்காரரே, நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது ‘மதனோற்சவம்’. கமல்ஹாசன், ஜரீனா வகாப், 1978. தமிழில் ‘பருவ மழை’ என்று டப் செய்து வந்தது. ஓ.என்.வி. குறுப் எழுதிய பாட்டுகள். ‘மாடப்பிராவே வா’, ‘சாகரமே சாந்தமாக நீ’, ‘நீ மாயும் நிலாவோ’ மூன்றும் யேசுதாஸ், ‘சந்த்யே கண்ணீரிதெந்தே’ எஸ். ஜானகி. ஜானகியம்மா அந்தப் பாட்டில் அழவே மாட்டார், அழுகையை அடக்கிக்கொண்டு பாடுவார், மெட்டும் அப்படித்தான் போட்டிருக்கிறது, உடையப் போகிற இடத்தில் எல்லாம் ஒரு படி கீழே இறங்கி நின்றுவிடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒன்று கேளுங்கள்.

பாலு மகேந்திராவோடு சேர்க்கை எப்படி வந்தது என்பதற்கும் ஒரு நூல் இருக்கிறது. 1974இல் ராமு காரியாட்டின் ‘நெல்லு’ படத்துக்கு கேமரா பாலு மகேந்திரா, இசை சலில். லதா மங்கேஷ்கர் மலையாளத்தில் பாடிய ஒரே பாட்டு, ‘கதளி செங்கதளி’, அந்தப் படத்தில்தான். பிறகு பாலு மகேந்திரா தானே டைரக்டராகி கன்னடத்தில் எடுத்த முதல் படம் ‘கோகிலா’வுக்கும் சலில்தான், அடுத்து ‘அழியாத கோலங்கள்’. ‘நெல்லு’ எடுத்த வயநாட்டு மழையில் ஆரம்பித்த பழக்கம் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பூவிளி பூவிளி பொன்னோணமாயி’, ‘ஓணப்பூவே ஓமல்பூவே’ இரண்டும் ஒவ்வொரு ஓணத்துக்கும் இங்கே எல்லாக் கடையிலும் எல்லாப் பந்தலிலும் ஒலிக்கும் பாட்டுகள். இரண்டுக்கும் மெட்டு இவர்தான். ஒரு ஊரின் பண்டிகைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் பாட்டுப் போட்டு, அந்த ஊரே அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை.


மாட்டுங்கா ரயிலடி எழுதியது:

இரண்டே விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிறது.

‘கஹீ தூர்’ பிடித்தவர்கள் ‘ரஜனிகந்தா’ படத்தின் ‘கயி பார் யூ பீ தேகா ஹை’ பாட்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். 1974, அதே முகேஷ், அதே கவிஞர் யோகேஷ். முகேஷுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. காட்சியும் பாருங்கள். பம்பாய் டாக்சி ஒன்றில் வித்யா சின்ஹாவும் பழைய காதலரும் போகிறார்கள், இருவரும் பேசுவதே இல்லை, யாரும் வாயசைப்பதும் இல்லை, பாட்டு பின்னால் ஓடுகிறது. புடவைத் தலைப்பு காற்றில் பறக்கிறது. மனசு இங்கேயா அங்கேயா என்று ஊசலாடுகிறது, மெட்டும் அதே மாதிரி போய்ப் போய்த் திரும்புகிறது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் டாக்சியில் ஏறக் காசு இல்லாத காலத்தில் அந்தப் பாட்டை வைத்துத்தான் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்று, ‘மதுமதி’, 1958. பிமல் ராய் படம். ‘சுஹானா சஃபர்’ பாட்டில் மலைக்குள் கூவுகிற குரல்கள் தூரத்தில் கேட்கும். இன்றைக்கு அப்படி ஒரு வெளியை ஒலியில் கொண்டுவர எவ்வளவு கருவி இருக்கிறது, அன்று கொண்டுவந்தார். பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ கதையே சலில் எழுதியதுதான் என்று பல பேருக்குத் தெரியாது. கதை எழுதுவார், கவிதை எழுதுவார், குழல், பியானோ, எஸ்ராஜ் என்ற வில் வாத்தியம் எல்லாம் வாசிப்பார். அதனால்தான் காட்சிக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.


பாட்டுப்புத்தகம் எழுதியது:

எல்லோரும் புகழ்கிறீர்கள், எனக்கும் மெட்டுகள் பிடிக்கும், ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்கிறேன். நான் வரிகளுக்காகப் பாட்டு கேட்கிறவன். ஒரு மெட்டை வங்காளத்தில் போட்டு, இந்தியில் போட்டு, தமிழில் போட்டால், அந்தந்த மொழியின் சொல் அந்த மெட்டில் எப்படி இயல்பாக உட்காரும்? கண்ணதாசன் வரியைக் கேட்டால் அந்த வரிக்குள்ளேயே மெட்டு இருப்பதுபோல இருக்கும். இங்கே ஏற்கெனவே தைத்த சட்டைக்கு ஆள் தேடுகிற மாதிரி இருக்கிறது. ‘நான் எண்ணும் பொழுது’ பாட்டில் சில இடங்களில் சொற்கள் துண்டு துண்டாக நிற்பதாக எனக்குப் படுகிறது. தவிர ‘சாயா’ என்ற 1961 படத்தில் ‘இத்னா ந முஜ்சே தூ ப்யார் படா’ அப்படியே மொசார்ட்டின் 40ஆவது சிம்பொனி. ‘மதுமதி’யில் ஒரு பாட்டு போலந்து நாட்டுப்புறப் பாட்டு. இதையும் சேர்த்துப் பேச வேண்டாமா? குறை சொல்வதற்காக எழுதவில்லை, உண்மையாகவே இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கிறேன்.


ஆறுதந்தி எழுதியது:

நியாயமான கேள்வி. மெட்டு முதலில், பாட்டு பிறகு என்பதுதான் அவர் வழக்கம், அதில் கவிஞருக்குச் சிரமம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வங்காளம் ‘நா’ என்று ஆரம்பிக்கிறது. இந்தி ‘ந’ என்று ஆரம்பிக்கிறது. கங்கை அமரன் ‘நான்’ என்று ஆரம்பிக்கிறார். மெட்டின் முதல் ஒலி நீண்டு நிற்கும், வாய் திறந்து நிற்க வேண்டும், அதற்கு ‘நா’வைவிடத் தோதான எழுத்து கிடையாது. அங்கே இரண்டிலும் அந்தச் சொல்லுக்கு ‘இல்லை’ என்று பொருள். நீ இல்லாமல் மனசு நிற்கவில்லை என்று தலையை ஆட்டுகிற சொல். தமிழில் அதே ஒலி ‘நான்’ ஆகிவிடுகிறது, மறுக்கிற பாட்டு நினைக்கிற பாட்டாகிவிட்டது. கடைசியில் ஒரு ‘ன்’ சேர்ந்ததால் எஸ்.பி.பி. அந்த ஒலியை மூக்கில் மெதுவாக மூடுவார், லதா திறந்தே விடுவார். நான் இதை மேடையில் வாசித்து வாசித்துத்தான் கவனித்தேன். தைத்த சட்டையாகவே இருக்கட்டும், இந்தப் பாட்டில் கழுத்து அளவு சரியாக இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி சரணத்தில் ஒன்றிரண்டு இடம் இறுக்கம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து, சொல் முதலில் இருந்து மெட்டு பிறகு வந்த ஒரு தமிழ்ப் பாட்டு அவரிடம் இருக்கிறது, அதுவும் எப்பேர்ப்பட்ட சொல். ராமு காரியாட் தமிழில் ‘கரும்பு’ என்று ஒரு படம் எடுத்தார், அது வெளிவரவே இல்லை. பாட்டு மட்டும் பிழைத்தது. ‘திங்கள் மாலை வெண்குடையான் சென்னி செங்கோல் அதுவோச்சி’. சிலப்பதிகாரம், கானல்வரி. கோவலன் யாழ் எடுத்துக் காவிரியை வாழ்த்துகிற இடம். யேசுதாஸ் பாடியதும் உண்டு, பி. சுசீலா பாடியதும் உண்டு. இளங்கோவின் வரியில் ஒரு எழுத்தைத் தொட முடியாது, இழுக்க முடியாது, வெட்ட முடியாது. அந்தக் ‘காவேரி’ திரும்பத் திரும்ப வருமே, அங்கே மெட்டு ஆறு வளைகிற மாதிரி வளைந்து போய் அமரும். தமிழ் தெரியாத ஒருவர் போட்டது. வரிக்காகப் பாட்டு கேட்கிற நீங்கள் இதை ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

மொசார்ட் விஷயம் உண்மைதான். ஆனால் எடுத்ததை அவர் ஒளித்து வைக்கவில்லை. சிம்பொனியின் ஆரம்பத்தைப் பல்லவிக்கு வாசலாக வைத்தார், இசை தெரிந்த யாருக்கும் முதல் வினாடியிலேயே தெரியும்படி. அந்த வாசலைத் தாண்டியதும் தலத் மஹ்மூதும் லதாவும் நடக்கிற பாதை இவருடையது, நம் ஊர்ப் பாதை. சின்ன வயதில் அப்பாவின் இசைத்தட்டில் கேட்டது மொசார்ட், நமக்குத் திருப்புகழ் மாதிரி அவருக்கு அது வீட்டுச் சத்தம். போலந்துப் பாட்டை எடுத்தது எனக்கும் கொஞ்சம் உறுத்தும், கிட்டத்தட்ட மெட்டு முழுசாக இருக்கிறது. ஆனால் ‘மதுமதி’யில் அது ஒன்றுதான் அப்படி. அதே படத்து ‘ஆஜா ரே பர்தேசி’யைக் கேளுங்கள், யாரிடமிருந்து எடுத்திருக்க முடியும் அதை? லதாவுக்கு முதல் ஃபிலிம்பேர் விருது வந்ததும் அந்தப் பாட்டுக்கு, சலிலுக்கு விருது வந்ததும் அந்தப் படத்துக்கு.


பாட்டுப்புத்தகம் எழுதியது:

‘திங்கள் மாலை’ கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். கானல்வரியைப் பள்ளிக்கூடத்தில் செய்யுளாகப் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான், ‘புலவாய் வாழி காவேரி’ என்பது ஒரு ஆண் குரலிலிருந்து வருகிற ஊடல் பேச்சு என்று இன்றுதான் காதில் உறைத்தது. சிலம்பு புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன், ராத்திரி அந்தக் காதை முழுசும் படிக்கப் போகிறேன். சரணத்து இறுக்கத்தைப் பற்றிய என் கருத்து மட்டும் அப்படியே இருக்கிறது.


நாஞ்சில் கரை எழுதியது:

காவேரி கடலில் சேருகிற இடத்தில் பாடுகிற பாட்டு கானல்வரி. செம்மீன் கடல், கோவலன் கடல், ‘சாகரமே சாந்தமாக நீ’. தண்ணீர் வந்துவிட்டால் இந்த மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார், இன்றுதான் எனக்கு இது தோன்றியது.


தாமிரபரணிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆறுதந்தி சொன்னபடி ஹெட்போன் வாங்கி வந்து கேட்டேன், என்னிடம் இருந்தது ஒரு பக்கம் வேலை செய்யாது. முகேஷைக் கவனிக்காமல் ‘கஹீ தூர்’ கேட்பது ரொம்பக் கஷ்டம், இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வருகிற வயலின்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். குரல் வரியை முடித்து மூச்சு விடுகிற இடத்தில் அவை எழும்புகின்றன, குரல் திரும்பி வந்ததும் தணிகின்றன, ஆனால் போய்விடுவதில்லை, மெல்லிசாகக் கூடவே வருகின்றன. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற சத்தம் இருக்குமே, வந்தவர் யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அந்த மாதிரி. இந்தப் பாட்டு முடிகிற பொழுதைப் பற்றியது என்று இந்தி தெரிந்த என் தங்கை சொன்னாள். வயலின்கள் அதை எனக்கு முன்பே சொல்லியிருந்தன.

அப்புறம் ‘நான் எண்ணும் பொழுது’. நேற்று ராத்திரி மொட்டை மாடியில் பாடிப் பார்த்தேன். இந்தத் தடவை வரிக்கும் வரிக்கும் நடுவில் வரும் வாத்தியத்தையும் நானே வாயால் முனகிக்கொண்டு பாடினேன், லலலா என்று, வெட்கப்படாமல். இரண்டாவது வரி தானாக வந்து உட்கார்ந்தது. நம்ப முடியாமல் மறுபடி பாடினேன், மறுபடியும் சரியாக வந்தது. மூன்றாவது தடவை பாடும்போது கீழே துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி அந்த நடுத்துண்டை மட்டும் கீழிருந்தே எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு இந்தப் பாட்டு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

இன்று ‘சந்த்யே கண்ணீரிதெந்தே’. ஒரு நாளைக்கு ஒன்று என்றுதானே சொன்னீர்கள்.